ஒளியை உண்டாக்கும், உணரும், பின்தொடரும் உயிர்கள்: நீங்களே சோதித்தறிய ஒரு முழு வழிகாட்டி

உயிர்களுக்கும் ஒளிக்கும் உள்ள உறவைப் பற்றித் தேடினால் முதலில் வந்து விழுபவை வியப்புப் பட்டியல்கள்தான். ஒளிரும் காளான், விளக்கேந்திய ஆழ்கடல் மீன், 24 கண்களுள்ள பெட்டி வடிவச் சொறிமீன். படிக்கச் சுவையாக இருக்கும். படித்து முடித்தபின் எதுவும் விளங்கியிருக்காது. இந்த வழிகாட்டி வேறு பாதையில் போகிறது. எந்த உயிரியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேட்கப் போகிறோம்: இங்கே வேலை செய்யும் மூலக்கூறு எது?

ஒரு மூலக்கூறு ஒளியை விழுங்கி, வடிவம் மாறி, அந்த மாற்றத்தைச் செல்லுக்குத் தெரிவித்தால் அது உணர்தல். ஒரு மூலக்கூறு ஆக்சிஜனோடு வினைபுரிந்து, கிடைத்த ஆற்றலை ஒளியாக உமிழ்ந்தால் அது ஒளிர்தல். இரண்டும் ஒரே பாதையின் எதிரெதிர்த் திசைகள். ஒளியைப் பிடிக்க உயிர்கள் பயன்படுத்தும் மூலக்கூறுக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், நாலைந்தைத் தெரிந்துகொண்டாலே பாக்டீரியாவில் தொடங்கி மனிதக் கண் வரை பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

தேவையான பொருள்கள்: முழுதாக இருட்டாக்கக்கூடிய அறை, கைபேசி, முகம் பார்க்கும் கண்ணாடி, அட்டைப் பெட்டி, அலுமினியத் தாள், கோதுமை அல்லது ஓட்ஸ் விதைகள், சிவப்பு, நீல எல்.இ.டி. விளக்குகள், ஒரு புறஊதா டார்ச். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுக்கவும் கூடாது.

படி 1: தானாக ஒளிர்கிறதா, இரவல் ஒளியா?

இரவில் பூனையின் கண் பளிச்சிடுவது எதிரொளிப்பு. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம், செல்களிடம் பிடிபடாமல் தப்பிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தேளின் மேல் புறஊதா ஒளி பட்டதும் அது நீலப்பச்சையாகத் தெரிவது ஃப்ளூரசன்ஸ். அதாவது ஒரு நிறத்தை விழுங்கி, அதைவிட அலைநீளம் கூடிய வேறு நிறத்தை அந்தக் கணமே உமிழ்வது. மின்மினியின் ஒளியோ அதன் உடலுக்குள் நடக்கும் வேதிவினையிலிருந்து வருகிறது.

பிரித்தறியும் சோதனை எளிது. விளக்கை அணையுங்கள். அணைத்தபின்னும் ஒளி இருந்தால் அது உயிரியின் சொந்த ஒளி. மறைந்துபோனால், விழுந்த ஒளியின் நிறத்தையும் வெளிவந்த ஒளியின் நிறத்தையும் ஒப்பிடுங்கள்: புதிதாக ஒரு நிறம் தோன்றியிருந்தால் ஃப்ளூரசன்ஸ், இல்லையென்றால் எதிரொளிப்பு. இணையத்தில் "இருட்டில் ஒளிரும் விலங்கு" என்று சுற்றும் படங்கள் பலவும் புறஊதா விளக்கில் எடுத்தவையே. படத்தின் கீழ் விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் நம்ப அவசரப்படாதீர்கள்.

படி 2: கண்ணைத் தயார்ப்படுத்துங்கள்

மங்கலாக ஒளிரும் எதையும் பார்ப்பதற்கு முன் குறைந்தது அரைமணி நேரம் இருட்டில் இருக்க வேண்டும். விழித்திரையில் இரு வகைச் செல்கள் உண்டு. நிறம் காட்டும் கூம்பு செல்கள் பத்து நிமிடத்தில் இருட்டுக்குப் பழகி, அதற்கு மேல் கூர்மை பெறாமல் நின்றுவிடும். எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமான குச்சி செல்கள் மெதுவாகத்தான் பழகும். ஆனால் மங்கிய ஒளியில் கடைசிவரை கைகொடுப்பவை அவையே.

இதை உறுதிசெய்துகொள்ள, வெளிச்சமான அறையில் ஒரு கண்ணைக் கருந்துணியால் 20 நிமிடம் மூடிவையுங்கள். பிறகு அறையை ஏறக்குறைய இருட்டாக்கி, இரு கண்களையும் மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். மூடியிருந்த கண்ணுக்கு மேசை, நாற்காலி எல்லாம் தெரியும். மற்றதற்கு வெறும் கருமைதான்.

குச்சி செல்லில் இருப்பது ரோடாப்சின் என்ற புரதம். அதன் நடுவே கொக்கிபோல் வளைந்த ரெட்டினால் மூலக்கூறு ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் அதைச் செய்துகொள்கிறது. ஓர் ஒளித்துகள் பட்டதும் வளைவு நிமிர்கிறது. 200 ஃபெம்டோ நொடி அளவில் அது முடிந்துவிடுகிறது (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு). கண்ணில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இவ்வளவே. மற்றதெல்லாம் அதன் பின்விளைவு: ரோடாப்சின் அடுத்த புரதத்தை எழுப்ப, அது ஒரு நொதியை எழுப்ப, செல்லின் அயனி வாயில்கள் மூடிக்கொள்கின்றன. பலர் எதிர்பாராத செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. குச்சி செல் இருட்டில்தான் அடுத்த செல்லுக்கு ஓயாமல் வேதிச் செய்தி அனுப்புகிறது. ஒளி வந்ததும் அதைக் குறைத்துக்கொள்கிறது. மூளை அந்தக் குறைவைத்தான் ஒளி என்று படிக்கிறது.

நிமிர்ந்த ரெட்டினாலைக் கழற்றி, மறுபடி வளைத்து மாட்ட நேரம் பிடிக்கிறது. அந்த நேரமே நீங்கள் இருட்டில் காத்திருக்கும் அரைமணி. அதன் பிறகு கண் பெறும் கூர்மையை 1942-இல் செலிக் ஹெக்டும் சக ஆய்வாளர்களும் அளந்தார்கள். 5 முதல் 14 ஒளித்துகள்கள் குச்சி செல்களில் பிடிபட்டாலே மனிதர் ஒளியை உணர்ந்துவிடுகிறார் என்று கண்டார்கள்.

நடைமுறைக்கு இரண்டு குறிப்புகள். அடர்சிவப்பு ஒளிக்குக் குச்சி செல்கள் அவ்வளவாக அசையாது என்பதால், மங்கிய சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். கூர்ந்து பார்க்கும் விழித்திரை மையத்தில் குச்சி செல்களே இல்லை. ஆகவே மங்கிய பொருளை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வையுங்கள். வானியல் ஆர்வலர்களுக்கு இது பழகிய வித்தை.

படி 3: பார்வை இல்லாமலே ஒளியை உணரும் செல்கள்

மங்கலான அறையில் கண்ணாடி முன் நின்று, மூக்கின் மேல் கையைக் குறுக்காக வைத்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணுக்கு மட்டும் காட்டுங்கள். ஒளி படாத கண்ணின் பாவையும் கூடவே சுருங்கும். இரு கண்களின் செய்தியும் மூளைத்தண்டில் ஒன்றுசேர்வதால் இப்படி நடக்கிறது.

இதில் குச்சியும் கூம்பும் மட்டும் வேலை செய்யவில்லை. 1998-இல் இக்னாசியோ ப்ரொவென்சியோ குழுவினர் தவளைத் தோலின் நிறமிச் செல்களில் மெலனாப்சின் என்ற புரதத்தைக் கண்டெடுத்தார்கள். பாலூட்டிகளின் விழித்திரையிலும், மூளைக்கு நரம்பு அனுப்பும் செல்களில் ஒரு சிறு பங்கில் அது இருப்பது பின்னர் தெரிந்தது. 2002-இல் டேவிட் பெர்சன் குழுவினர் இச்செல்கள் தாமாகவே ஒளியை உணர்வதைக் காட்டினார்கள். படம் காட்டுவது இவற்றின் முதன்மை வேலை அல்ல. "எவ்வளவு வெளிச்சம்" என்பதை மட்டும் அளந்து உடலின் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. பார்வையை முற்றிலும் இழந்தவர்கள் சிலரின் உடல் பகலிரவோடு ஒத்துப்போவதற்கும் இவையே காரணம். இவற்றை மிகுதியாகத் தூண்டுவது 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி. படுக்கும் முன் பிரகாசமான திரையைப் பார்க்காதீர்கள் என்று சொல்வதன் அடிப்படை இதுதான். மாலை ஒளி உடற்கடிகாரத்தைப் பின்னே தள்ளும், காலை ஒளி முன்னே இழுக்கும்.

படி 4: செடி எங்கே "பார்க்கிறது"?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். செலவில்லை, ஒருநாள் பகலில் முடிவு தெரிந்துவிடும், அறிவியல் வரலாற்றிலும் இதற்கு நல்ல இடம் உண்டு.

கோதுமை விதைகளை ஓர் இரவு ஊறவைத்து, ஈர மண்ணில் நட்டு, முழு இருட்டில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் வெளிறிய முளைக்குருத்துகள் குத்திட்டு எழும். ஒவ்வொன்றும் ஓர் உறை. முதல் இலை உள்ளே சுருண்டிருக்கும். இலை உறையைக் கிழிப்பதற்கு முன், இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் சோதனையைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் முடிவு குழம்பும்.

மங்கிய சிவப்பு ஒளியில் குருத்துகளை நான்கு குழுவாகப் பிரியுங்கள். முதல் குழுவை அப்படியே விடுங்கள். இரண்டாவதன் நுனியில் ஐந்து மில்லிமீட்டர் அளவு அலுமினியத் தாள் குல்லாய் போடுங்கள். மூன்றாவதற்கு அதே அளவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குல்லாய். நான்காவதன் நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மட்டும் தாளால் சுற்றுங்கள். அட்டைப் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் துளையிட்டு, துளைக்கு வெளியே வெள்ளை விளக்கு வைத்து, எல்லாவற்றையும் உள்ளே அடுக்குங்கள். ஓரிரு மணி நேரத்தில் அசைவு தொடங்கும், மாலைக்குள் தெளிவாகிவிடும்.

முதலாவது, மூன்றாவது, நான்காவது குழுக்கள் விளக்கை நோக்கிச் சாயும். அலுமினியக் குல்லாய் போட்டவை ஏறக்குறைய நேராகவே நிற்கும். வளைவது நுனிக்குக் கீழே, ஆனால் ஒளியை அறிவது நுனி. 1880-இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் புல் குருத்துகளில் இதைக் கண்டு, நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். டென்மார்க்கின் பாய்சன்-யென்சன் நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் துண்டை வைத்தபோது வளைவு நடந்தது. நிழல் பக்கம் எதையும் ஊடுருவ விடாத மைகா தகட்டைச் செருகியபோது நின்றது. அப்படியென்றால் இறங்குவது ஒரு வேதிப்பொருள். 1920-களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் ஃப்ரிட்ஸ் வெண்ட் அதை அகார் எனும் கூழ்த் துண்டில் இறக்கி, நுனி இல்லாத குருத்தின் ஒரு பக்கத்தில் வைத்து, இருட்டிலேயே வளைய வைத்தார். அதுதான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்.

நிழல் பக்கத்துக்கு ஆக்சின் கூடுதலாகப் போய்ச் சேர்வதால் அந்தப் பக்கச் செல்கள் அதிகம் நீள்கின்றன. குருத்து ஒளிப்பக்கம் சாய்கிறது. குருத்தின் இரு பக்கமும் சம இடைவெளியில் மைப்புள்ளி வைத்துவிட்டு, வளைந்தபின் அளந்து பாருங்கள். நீட்சி எங்கே நடந்தது என்று புள்ளிகளே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு ஒரு பெட்டிக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம் வையுங்கள். சிவப்பில் குருத்துகள் வளையா, நீலத்தில் வளையும். ஒளியைப் பிடிக்கும் ஃபோட்டோட்ரோபின் புரதத்தின் உள்ளே இருப்பது ஃபிளேவின் மூலக்கூறு, அது விழுங்குவது நீலத்தை. நம் கண்ணின் ரெட்டினாலுக்கு அடுத்து நமக்கு அறிமுகமாகும் இரண்டாவது மூலக்கூறு இது.

படி 5: சிவப்பு விளக்கும் இரவின் நீளமும்

சிவப்புக்கு வளையாததால் செடிக்குச் சிவப்பு தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். லெட்டூஸ் விதைகளை ஈரத்தாளில் பரப்பி, ஒரு தட்டை முழு இருட்டிலும் ஒன்றை வெளிச்சத்திலும் வையுங்கள். பழைய ரகங்களில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சில ரகங்கள் இருட்டிலும் முளைத்துவிடும் என்பதால் இரண்டு மூன்று ரகங்களை எடுத்துக்கொள்வது நல்லது.

1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் இந்த விதைகளுக்குச் சிவப்பும், அதைவிட அலைநீளம் கூடிய தொலைசிவப்பும் மாறி மாறிக் காட்டினார்கள். கடைசியாகக் காட்டிய நிறம் எதுவோ அதன்படியே விதை நடந்துகொண்டது: சிவப்பு என்றால் முளைத்தது, தொலைசிவப்பு என்றால் உறங்கியது. இதன் பின்னால் இருந்தது ஃபைட்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம். 660 நானோமீட்டர் அதை ஒரு வடிவத்துக்கும், 730 நானோமீட்டர் மறு வடிவத்துக்கும் திருப்பும். இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளியில் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு மிஞ்சியிருக்கும். ஆக, மேலே நிழல் இருக்கிறதா என்பதை விதை இதை வைத்தே அறிந்துகொள்கிறது.

பூக்கும் காலத்தைக் கணிப்பதிலும் இதே மூலக்கூறுக்குப் பங்குண்டு. 1920-இல் கார்னர், அல்லார்ட் இருவரும் பகலின் நீளமே சில செடிகளைப் பூக்கவைக்கிறது என்று காட்டினார்கள். 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியின் நீண்ட இரவை நடுவில் சிறிது நேர ஒளியால் உடைத்தார்கள், செடி பூக்கவில்லை. அது எண்ணியது பகலை அல்ல, தடையில்லாத இரவை. தெருவிளக்கின் அருகில் நிற்கும் செடிகள் சில, பருவம் தப்பி நடந்துகொள்வதை இதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

படி 6: பச்சையம் சிந்தும் சிவப்பு

பச்சை இலைகளை நசுக்கித் தெளிந்த ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். தீ அருகில் வேண்டாம். இருட்டில் புறஊதா டார்ச்சை அந்தப் பச்சை நீரில் காட்டினால் அது இரத்தச் சிவப்பாகத் தெரியும். உயிருள்ள இலையில் பச்சையம் பிடித்த ஆற்றலில் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்கோ வெப்பமாகவோ போய்விடும். சிவப்பு ஒளியாகக் கசிவது ஒன்றிரண்டு விழுக்காடுதான். செல்லைக் குலைத்துவிட்டதால் இங்கே அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அந்தச் சிறு கசிவை இன்று செயற்கைக்கோள்கள் வானிலிருந்து அளந்து, காடுகளும் வயல்களும் எவ்வளவு சுறுசுறுப்பாக ஒளிச்சேர்க்கை செய்கின்றன என்று மதிப்பிடுகின்றன.

படி 7: சொந்த ஒளி

1667-இல் ராபர்ட் பாயில், ஒளிரும் மக்கிய மரத்துண்டைக் கண்ணாடிக் குடுவையில் வைத்துக் காற்றை உறிஞ்சினார். ஒளி மங்கியது, காற்றைத் திரும்ப விட்டதும் மீண்டது. ஆக்சிஜன் கண்டுபிடிக்கப்படுவதற்கு நூறாண்டுக்கும் முன்பே, ஒளிர்வுக்குக் காற்று தேவை என்று தெரிந்துவிட்டது. 1880-களில் பிரான்சின் ரஃபாயேல் துய்புவா ஒளிரும் வண்டையும் சிப்பியையும் அரைத்து இரண்டு சாறுகள் எடுத்தார். ஒன்று குளிர்ந்த நீரில் எடுத்து, ஒளி அடங்கும் வரை விட்டது. மற்றது வெந்நீரில் எடுத்தது. தனித்தனியே இரண்டும் இருட்டு. கலந்தால் ஒளி. வெந்நீரைத் தாங்கியது லூசிஃபெரின் எனும் எரிபொருள், குளிர்நீரில் பிழைத்திருந்தது லூசிஃபெரேஸ் எனும் நொதி. இவ்வளவு எளிய சோதனையிலிருந்து இவ்வளவு தெளிவான முடிவு கிடைப்பது அபூர்வம்.

மின்மினியில் நடப்பது இது: நொதி முதலில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி-யைச் செலவிட்டு லூசிஃபெரினை ஆயத்தப்படுத்துகிறது. பிறகு ஆக்சிஜன் சேர்ந்து நிலையற்ற ஒரு வளையம் உருவாகிறது. அது உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற, மிஞ்சும் மூலக்கூறு கிளர்ந்த நிலையில் நின்று, மஞ்சள்பச்சை ஒளித்துகளை உமிழ்ந்து அடங்குகிறது. வினைபுரியும் மூலக்கூறுகளில் 88 விழுக்காடு ஒளி தருகின்றன என்று நீண்டகாலம் எழுதிவந்தார்கள். 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தபோது 41 விழுக்காடுதான் கிடைத்தது. பழைய எண் இன்னும் பல கட்டுரைகளில் உலவுகிறது. 41-உம் வேதி ஒளிர்வில் மிக உயர்ந்த அளவுதான்.

எல்லா ஒளிரும் உயிரிகளுக்கும் ஒரே லூசிஃபெரின் என்று எண்ண வேண்டாம். மின்மினியுடையது ஒன்று, கடலில் பல இனங்கள் பயன்படுத்துவது கோலென்டெரசின், பாக்டீரியாக்கள் ஃபிளேவினையும் ஓர் ஆல்டிஹைடையும் கொண்டு வேலையை முடிக்கின்றன, கடலில் மிதக்கும் டைனோஃபிளாஜெல்லேட் நுண்ணுயிரியுடையது பச்சையத்தை ஒத்த அமைப்பு. உயிரொளிர்வு பரிணாமத்தில் தனித்தனியாகப் பல டஜன் முறை தோன்றியிருக்கிறது.

நேரில் பார்க்க எளிய வழி டைனோஃபிளாஜெல்லேட் வளர்ப்புதான். பைரோசிஸ்டிஸ் இன வளர்ப்புகள் கல்விப்பொருள் விற்பனையாளர்களிடம் கிடைக்கின்றன. தெளிந்த குடுவையில் ஊற்றி, 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில், நேரடி வெயில் படாமல் வையுங்கள். 12 மணி நேரம் விளக்கு, 12 மணி நேரம் இருட்டு. இருட்டு தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து, படி 2-இல் சொன்னபடி கண்ணைப் பழக்கிக்கொண்டு, குடுவையை மெல்லச் சுழற்றுங்கள். நீலப் பொறிகள் தெறிக்கும். ஒவ்வொன்றும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். நீரின் இழுவிசை செல்லைத் தொட்டதும் ஒளிரும் நுண்பைகள் அமிலமாக மாறி வினை தொடங்குகிறது. ஓயாமல் குலுக்கினால் சரக்கு தீர்ந்து மங்கிவிடும். பகலில் குலுக்கினால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அவற்றின் உள்கடிகாரம் ஒளிர்வை இரவுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறது.

மின்மினிகளைப் பார்க்கப் போகிறவர்கள் வெள்ளை டார்ச்சை அணைத்துவிட வேண்டும். அவற்றின் மின்னல் காதல் மொழி. நடுவில் வரும் வெள்ளொளி பேச்சைக் குலைக்கும். வட அமெரிக்காவின் ஒரு பேரினத்தில் பெண் பூச்சி வேற்றினப் பெண்ணைப்போல் மின்னி, நம்பி வரும் ஆணைத் தின்றுவிடுகிறது என்று 1965-இல் ஜேம்ஸ் லாய்ட் எழுதினார்.

கடலில் கதை இன்னும் பெரிது. கலிஃபோர்னியா கடற்பகுதியில் நீர்மூழ்கிக் கருவிகள் எடுத்த காணொளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்கில், தெரிந்த உயிரிகளில் 76 விழுக்காடு ஒளிரக்கூடியவை. பெரும்பாலும் நீலம், ஏனெனில் கடல்நீரில் அதிகத் தொலைவு போவது நீலமே. விதிவிலக்காகச் சொறிமீன் ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. 1961-இல் ஒசாமு ஷிமோமுரா அதை ஆயிரக்கணக்கில் பிடித்து ஆராய்ந்தபோது, நீல ஒளி தரும் புரதத்தோடு, அந்த நீலத்தை விழுங்கிப் பச்சையை உமிழும் இன்னொரு புரதமும் கிடைத்தது. படி 1-இல் பிரித்துவைத்த இரண்டும் இங்கே ஒரே உடலில் கைகோர்க்கின்றன. அந்தப் பச்சைப் புரதத்தை உயிருள்ள செல்களில் அடையாள விளக்காக மாற்றிய பணிக்கு 2008-இல் ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ராஜர் சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

படி 8: ஒளியை நோக்கி, ஒளியை விட்டு

பச்சைப் பாசி படர்ந்த குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, கருந்தாளால் சுற்றி, ஒரு பக்கம் சிறு சாளரம் வெட்டிச் சன்னலருகே வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை எடுத்தால், நீந்தும் பாசிகள் இருந்திருக்கும் பட்சத்தில், சாளரத்தின் வடிவத்திலேயே பச்சைத் திட்டு தெரியும். கிளாமிடோமோனாஸ் பாசி ஒளியை உணரும் சேனல்ரோடாப்சினுக்குள் இருப்பது நம் கண்ணில் உள்ள அதே ரெட்டினால்தான். 2002-இல் அடையாளம் காணப்பட்ட இந்தப் புரத வகையை நரம்புச் செல்லில் பொருத்தினால் ஒளியாலேயே அதை இயக்க முடிகிறது. பாசியிலிருந்து வந்த இத்தகைய புரதம் ஒன்றின் உதவியால், பல ஆண்டுகள் பார்வையற்றிருந்த ஒருவர் சிறப்புக் கண்ணாடி அணிந்து மேசைமேல் உள்ள பொருள்களைத் தேடி எடுத்ததை 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

விளக்கைச் சுற்றும் விட்டிலோ ஒளியைத் தேடி வருவதில்லை. 2024-இல் வெளியான அதிவேகக் காணொளி ஆய்வின்படி, பறக்கும் பூச்சிகள் முதுகை வெளிச்சமான பக்கத்துக்குத் திருப்புகின்றன. இயற்கையில் வெளிச்சப் பக்கம் என்றால் வானம், ஆகவே அது நிலை தவறாமல் பறக்கும் உத்தி. விளக்கு பக்கவாட்டில் வந்ததும் உடல் சாய்ந்து, சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்கிறது. வெளிவிளக்குகளுக்கு மூடி போட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் திருப்புவது ஏன் உதவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை வரவில்லை.

படி 9: எந்த மூலக்கூறு என்று துப்பறிதல்

இனி உங்கள் சொந்தச் சோதனை. ஓர் உயிரி ஒளிக்கு அசைவதைக் கண்டுவிட்டீர்கள் என்றால், நிறத்தை மாற்றி மாற்றிக் காட்டுங்கள். 1882-இல் ஜெர்மனியின் தியோடோர் எங்கெல்மன் இதை அழகாகச் செய்தார். இழைப்பாசியின் மேல் முப்பட்டகத்தால் பிரித்த வானவில்லை விழச்செய்து, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்களை நீரில் விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் குவிந்தன. அங்கேதான் பாசி ஆக்சிஜனை அதிகம் வெளியிட்டது. பச்சையம் விழுங்கும் நிறங்களும் அவையே.

உங்கள் முடிவுகளை இப்படிப் படிக்கலாம். நீலத்துக்கு மட்டும் அசைந்தால் ஃபிளேவின் குடும்பத்தைச் சந்தேகியுங்கள். சிவப்பு தூண்டி, தொலைசிவப்பு அதை ரத்துசெய்தால் ஃபைட்டோகுரோம். நீந்தும் பாசியில் நீலப்பச்சைக்கு வலுவான அசைவு என்றால் ரெட்டினால். மூன்றிலும் அடங்காமல், சிவப்பிலும் நீலத்திலும் ஒருசேர விளைவு தெரிந்தால், ஒளிச்சேர்க்கையின் மறைமுக விளைவாக இருக்கலாம்.

ஒரு பொறி இருக்கிறது. எல்.இ.டி.களின் பிரகாசம் நிறத்துக்கு நிறம் வேறுபடும். நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிவதும் சமமல்ல, பச்சை நமக்குக் கூடுதலாகவும் அடர்சிவப்பு குறைவாகவும் தெரியும். ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் மூன்று வெவ்வேறு தொலைவில் வைத்துச் சோதியுங்கள். அருகில் வைத்த சிவப்பும் பயன்தராமல், தள்ளி வைத்த நீலம் பயன்தந்தால் மட்டுமே நிறத்தைப் பற்றி எதையும் எழுதிவைக்கலாம். விளக்கே இல்லாத ஒரு பெட்டியும், எல்லாப் பக்கமும் ஒளி படும் ஒரு பெட்டியும் ஒவ்வொரு முறையும் கூடவே இருக்கட்டும்.